விற்றவர் வராத ஜன்னல்

சென்ற வாரம் நாம் அவளை விட்டு வந்த இடம் சமையலறை வாசற்படி. கையில் ஒற்றைத் தாள். எதிரே, கை கழுவிவிட்டுத் துண்டைத் தேடிக்கொண்டிருந்த கணவர். "இதை நான்தான் எழுதினேன்" என்று அவள் சொன்னாள். அவர் தாளை வாங்கினார், இருபுறமும் படித்தார், மேசைமேல் வைத்தார், ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனார்.

அந்த ஒரு தாள் அவ்வீட்டில் ஏன் அத்தனை மௌனத்தை உண்டாக்கியது என்பதைப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சொல்லிவிடுவதே முறை. அவள் வாகனப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் பதினான்கு ஆண்டுகளாக எழுத்தர். அவரோ அதே அலுவலகத்தின் வாசலுக்கு வெளியே மேசை போட்டு, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். ஊரார் வைத்த பெயர் பேனாக்காரர். ஒரு வண்டி ஒருவர் பெயரிலிருந்து மற்றொருவர் பெயருக்கு மாற வேண்டுமானால் பதினோரு படிவங்கள், ஏழு ஜன்னல்கள், குறைந்தது மூன்று வாரங்கள். கணவரின் மேசை நின்றதே அந்தப் பதினொன்றின்மேல்தான். மனைவி அவற்றை ஒன்றாகச் சுருக்கிவிட்டாள்.

இன்று அத்தாளுக்குச் சோதனை நாள். அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மையார் வைத்த நிபந்தனை எளிமையானது, இரக்கமற்றதும்கூட. பன்னிரண்டு விண்ணப்பங்கள், ஒரே ஜன்னல், ஒரே தாள். மாலை நான்கு மணிக்குள் பன்னிரண்டு பேரும் தத்தம் பெயரில் பதிவுப் புத்தகத்தோடு வெளியேற வேண்டும். ஒருவர் குறைந்தாலும் தாள் அலமாரிக்குள் போகும். பதினொன்றும் பழையபடி தொடரும்.

காலையில் கணவர் தேநீரைக் குடித்தார். சட்டைப் பையில் நான்கு பேனாக்களைச் செருகினார். வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் வாய் திறந்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. குடை எடுத்துக்க."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

"சாவியை எடுத்துக்க. நான் சீக்கிரம் போறேன்."

அவர் போய்விட்டார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை என்பதை அவள் பிறகுதான் கவனித்தாள்.

தெருமுனையில் வெள்ளை வேன் ஒன்று காத்திருந்தது. அதன் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் அவளுடைய நாத்தனார். குடும்பத்தில் எல்லோரும் ஸ்டியரிங் அண்ணி என்றே அழைப்பார்கள். நடக்க முடியாத நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டு விடுவது அண்ணியின் தொழில். வேனை வாங்கி நான்கு மாதங்கள் ஆகியும் புத்தகத்தில் இன்னமும் பழைய உரிமையாளரான துணிக்கடைக்காரரின் பெயரே இருந்தது. பன்னிரண்டு விண்ணப்பங்களில் கடைசி விண்ணப்பம் அண்ணியுடையது.

"என்னம்மா, முகம் இப்படி இருக்கு? என் தம்பி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டானா?"

"பேசவே மாட்டேங்கிறார் அண்ணி."

"அவன் பேசாம இருந்தா கோபம்னு அர்த்தம் இல்ல. எதையோ வாய்க்குள்ள வச்சு மென்னுக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். சின்ன வயசுல என் பரீட்சைப் பேப்பர்ல தப்பைப் பார்த்துட்டு ரெண்டு நாள் சொல்லாமலே சுத்தினவன். ஏறு, நேரமாச்சு."

*

மணி பத்து. மூன்றாம் ஜன்னலின் மரப்பலகை உயர்ந்தது.

முதல் விண்ணப்பம் தையற்கடை நடத்தும் ஒரு பெண்ணுடையது. பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள்; அவரும் கூடவே வந்திருந்தார். தாளில் பெயர் ஒரு முறை. முகவரி ஒரு முறை. வெளியே நின்ற ஆய்வாளர், வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருந்த எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பதிந்த அச்சைக் கொண்டுவந்து தாளில் ஒட்டினார். இருவரும் கையொப்பமிட்டார்கள். முத்திரை விழுந்தது. புத்தகம் கைமாறியது.

"அவ்வளவுதானா?" என்றாள் தையற்காரி. போகாமல் அங்கேயே நின்றாள். "வேற எந்த ஜன்னலுக்குப் போகணும்?"

"வீட்டுக்குப் போகணும்."

பதினொரு நிமிடங்கள். ஏழாம் ஜன்னல்காரர் கழுத்தை நீட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக, மற்ற ஆறு ஜன்னல்களும் பார்த்து அனுப்பிய கோப்பை மீண்டும் ஒருமுறை பார்ப்பது ஒன்றே அவர் பணி. ஆகவே இத்தாளின்மீது அவருக்குப் பெரிய பாசம் இருக்க நியாயமில்லை.

இரண்டாவதாக வந்தவர் ஒரு மின்பணியாளர்.

"வித்தவர் எங்கே?"

"அவர் எதுக்கும்மா? வண்டிதான் என்கிட்ட இருக்கே."

"அவரும் இங்க வந்து கையெழுத்துப் போடணும். தாள்ல எழுதியிருக்கு பாருங்க."

மின்பணியாளர் படித்துப் பார்த்தார். விற்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் முன் தோன்றிக் கையொப்பமிட வேண்டும். அத்தாளில் அவள் மிகவும் பெருமைப்பட்ட வரி அது. போலிக் கையொப்பத்துக்கு வழியே இராது என்று அதை எழுதிய அன்று அவளுக்கு நிறைவாக இருந்தது.

"அவர் டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்துல இருப்பார்" என்றார் மின்பணியாளர். "வண்டியை வித்து ஒரு வருஷம் ஆச்சு."

அவள் எழுந்து நின்றாள். பெஞ்சில் அமர்ந்திருந்தவர்களைப் பார்த்துக் கேட்டாள்.

"வித்தவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கிறவங்க மட்டும் கை தூக்குங்க."

நான்கு கைகள் உயர்ந்தன. தையற்காரியோடு சேர்த்தால் ஐந்து. மீதம் ஏழு பேர் அவளையே பார்த்தார்கள். அந்த ஏழு பேரில் அண்ணியும் ஒருத்தி.

"என்னை ஏம்மா அப்படிப் பார்க்கிற? அந்தத் துணிக்கடைக்காரரைக் கூட்டிட்டு வரணும்னு நீ சொல்லவே இல்லையே."

அவள் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனாள். எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பது அம்மையாரின் வழக்கம். அப்போதும் அப்படித்தான் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு வரியை மட்டும் இன்னைக்கு விட்டுடலாமா?"

"நீங்க எழுதின வரியா, நான் எழுதினதா?"

"நான் எழுதினது."

"அப்ப உங்க தாள் எப்படி இருக்கோ அப்படியேதான் சோதனை. நடுவுல அடிக்கிறது, திருத்துறது எல்லாம் கிடையாது. நாலு மணி."

திரும்பி வரும் வழியில் ஏழாம் ஜன்னல்காரர் அனுதாபத்தோடு சொன்னார்: "விடும்மா. பதினொண்ணும் நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்தது."

*

அவள் வாசலுக்கு வந்தாள். சாலையோர நிழலில் கணவர் மேசை போட்டிருந்தார். மேசைமேல் பேனாக்கள் வரிசையாக இருந்தன. ஆனால் முன்னால் ஆள் யாரும் இல்லை.

"ஏழு பேரோட வித்தவங்க வரல" என்றாள்.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"நேத்து நீ தாளைக் கொடுத்தப்பவே. அந்த வரியைப் படிச்சதும் புரிஞ்சுடுச்சு."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, என் மேசைக்காகத்தான் குறை சொல்றேன்னு நினைச்சிருப்ப."

அவள் நினைத்திருப்பாள் என்பது உண்மைதான்.

"வித்தவன் எப்பவாவது ஜன்னலுக்கு வந்து நீ பார்த்திருக்கியா?" என்று அவர் கேட்டார். "வண்டியைக் கொடுத்த அன்னைக்கே இந்த மேசையில பதினொரு கையெழுத்துப் போடுவான். எழுந்து போவான். அதோட சரி. அவன் கையெழுத்துதான் உள்ள வரும். ஆளு இங்கேயே நின்னுடுவான்."

பதினான்கு ஆண்டுகள். எத்தனை ஆயிரம் விற்பவர்களின் கையொப்பங்களை அவள் சரிபார்த்திருப்பாள். சாய்ந்த எழுத்து, நடுங்கும் எழுத்து, கோடு தாண்டும் எழுத்து என்று எல்லாம் மனத்தில் இருந்தன. ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. கையொப்பம் இருந்ததால் ஆளும் எதிரில் இருந்ததாகவே எண்ணிவிட்டாள். ஜன்னலுக்கு உள்ளேயே அமர்ந்திருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தவறு செய்ய வராது.

"அப்போ முடிஞ்சதா?" என்றாள்.

கணவர் மேசையின் அடியிலிருந்து நீண்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். "இந்த ஏழு பேருக்கும் பழைய படிவத்தை நிரப்பினது நான்தான். அதெல்லாம் இன்னும் ஏதோ ஒரு ஜன்னல்ல கிடக்கு. யார் வித்தா, எங்க இருக்கா எல்லாம் இதுல இருக்கு." பிறகு வேனின் பக்கம் திரும்பினார். "அக்கா, வண்டியை எடு."

அண்ணி ஏற்கெனவே ஏறியிருந்தாள். "இதைச் சொல்றதுக்கு உனக்கு இவ்வளவு நேரமாடா? பக்கத்துல உட்காரு. வழி மட்டும் சொல்லு. எப்படி ஓட்டணும்னு சொன்னா நடுரோட்டுல இறக்கி விட்டுடுவேன்."

*

ஐந்து விண்ணப்பங்கள் பகல் பன்னிரண்டுக்குள் முடிந்தன. பின்பு அவளுக்கு எழுத ஒன்றுமில்லை. பெஞ்சில் ஆறு பேர்; ஏழாமவளான அண்ணி வேனில். கடிகாரத்தின் பெரிய முள் இறங்கும்போது விரைவதாகவும் ஏறும்போது தயங்குவதாகவும் அவளுக்குத் தோன்றியது.

பன்னிரண்டே கால் மணிக்கு வேன் உள்ளே நுழைந்தது. முதலில் இறங்கியவர் டிரில் மாஸ்டர். கழுத்தில் விசில் அப்படியே தொங்கியது.

"எங்கம்மா கையெழுத்துப் போடணும்? எத்தனை வேணும்னாலும் போடுறேன்" என்றார். "வித்த வண்டிக்கு ரெண்டு தடவை அபராத நோட்டீஸ் என் வீட்டுக்கு வந்திருக்கு. இவர் எங்கெங்கே சிக்னலைத் தாண்டுறாரோ, அங்கெல்லாம் என் பேர்தான் போகுது."

மின்பணியாளர் தரையைப் பார்த்தார். "ஒரு தடவைதான் மாஸ்டர்."

"ரெண்டு."

அவர் பின்னால் ஒரு பல் மருத்துவர் வெள்ளை அங்கியோடு இறங்கினார். ஒரு கையில் ரப்பர் உறை இருந்தது, மற்றதில் இல்லை. நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருப்பதாகவும், பத்து நிமிடங்களில் திரும்பக் கொண்டு விடுவதாக ஓட்டுநர் அம்மா வாக்களித்திருப்பதாகவும் சொன்னார். ஒன்பது நிமிடங்களில் அவர் வேலை முடிந்தது.

கணவர் ஜன்னலுக்கு வரவில்லை, வெளிவாசலிலேயே இறங்கிவிட்டார்; படிவம் எழுதுவோர் வளாகத்துக்குள் வரக் கூடாது என்பது அலுவலக விதி. வெளிச்சுவரின் கம்பிகளுக்கிடையே கையை நீட்டினார்.

"நிரப்பாத உன் தாள் ஒண்ணு கொடு."

அவள் கொடுத்தாள். அவர் அதைச் சுவரில் வைத்து, அளவுகோலால் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே இரண்டு வரிகள், கீழே இரண்டு வரிகள் எழுதினார்.

"இது இன்னைக்கு இல்ல. நாளைக்கு வேணும்னா பாரு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேனுக்கு ஓடினார். அவர் ஓடி அவள் பார்த்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

இரண்டாம் முறை வேன் வந்தபோது மணி ஒன்று ஐம்பது. மூவர் இறங்கினார்கள். மூன்றாம் முறை அது வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. இரண்டரை ஆயிற்று. மூன்று ஆயிற்று. பெஞ்சில் இன்னும் காத்திருந்தவர் கல்லூரிப் பெண் ஒருத்தி மட்டுமே. அவளுக்கு மொபெட் விற்றவர் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார், அதுவும் இன்றைக்கே.

"வித்தவங்களைத் தேடி வேன் அனுப்புற ஆபீஸ் உலகத்துலேயே இது ஒண்ணுதான்" என்று ஏழாம் ஜன்னல்காரர் பொதுவாகச் சொன்னார். இப்போது அவரும் தம் நாற்காலியில் இல்லை. வாசலைப் பார்க்க வசதியான தூணருகே நின்றிருந்தார்.

மூன்று முப்பத்தொன்றுக்கு வேன், வயல்வெளிக் குறுக்குப்பாதையின் சேறு அப்பியபடி, நுழைந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் இறங்கினார். அவரோடு கழுத்தில் அளவு நாடா தொங்கத் துணிக்கடைக்காரரும் இறங்கினார்.

"இவர் பஸ்ஸுல ஏறி உட்கார்ந்துட்டார்" என்றாள் அண்ணி, பெட்டிக்காரரைக் காட்டி.

"பஸ்ஸை மறிச்சீங்களா அண்ணி?"

"மறிக்கலம்மா. முன்னாடி நிறுத்தினேன். அவ்வளவுதான்."

"நான் ராத்திரி பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றார் பெட்டிக்காரர் பணிவாக. வரும் வழியெல்லாம் அண்ணியின் பேச்சைக் கேட்டவரின் பணிவு அது.

மொபெட் முடிந்தபோது மூன்று நாற்பத்திரண்டு. பதினொன்று. மீதம் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றை எழுதுமுன் அவள் கண்காணிப்பாளரை அழைத்தாள். "மேடம், இது என் நாத்தனார் வண்டி. நான் எழுதுறேன். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுறது நீங்களா இருக்கணும்."

அம்மையார் நாற்காலியை இழுத்துக்கொண்டு மூன்றாம் ஜன்னலுக்கே வந்து அமர்ந்தார்.

வெளியே ஆய்வாளர் வேனுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரே சேறு. நம்பர் தெரியல. கழுவிட்டு நாளைக்குக் கொண்டாங்க."

"நாளைக்கா?" என்றாள் அண்ணி. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். தண்ணீர்ப் புட்டியோடும் ஒரு பழந்துணியோடும் வேனுக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. துணிக்கடைக்காரர் பதறினார். "அம்மா, அம்மா, இந்தாங்க" என்று தோளில் இருந்த புதுத் துண்டை உள்ளே நீட்டினார். ஏழாம் ஜன்னல்காரர் தம் குடிநீர்க் குவளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். எதற்காக இறங்கினோம் என்று அவருக்கே பிற்பாடு வியப்பாயிருந்திருக்கும்.

"இப்ப வாங்க சார், எழுத்து எழுத்தா தெரியுது" என்றது வேனுக்கு அடியிலிருந்து ஒரு குரல். "காகிதத்தைக் கொடுங்க. பிடிச்சுக்கிறேன். நீங்க தேய்ங்க."

மூன்று ஐம்பத்து மூன்று. பென்சில் அச்சு வந்தது. அம்மையார் அதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார், கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணுக்கு. மூன்று ஐம்பத்தைந்து. துணிக்கடைக்காரர் கையொப்பமிட்டார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு கையொப்பமிட்டாள். ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குச் சேறும் பதிந்தது. மூன்று ஐம்பத்தேழுக்கு முத்திரை விழுந்த ஒலி கூடம் முழுவதும் கேட்டது.

அண்ணி தன் பெயரைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். "நாலு மாசமா யாரோ ஒருத்தர் வண்டியை ஓட்டுற மாதிரியே இருந்தது" என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டு. முதல் ஜன்னலில் யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். பிறகு எல்லா ஜன்னல்களிலும் கேட்டது.

*

கண்காணிப்பாளர் மட்டும் கை தட்டவில்லை.

"ஜெயிச்சுட்டீங்க" என்றார். "சந்தோஷம். ஆனா ஜெயிச்சது தாளா, வேனா? தினமும் ஏழு பேரைத் தேடிப் போய்க் கூட்டிட்டு வர முடியுமா? இதை இப்படியே நான் அமலுக்குக் கொண்டு வந்தா, அடுத்த வாரம் இந்த வாசல்ல கலவரம்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. காலையில் கூடத்தில் எழுந்து நின்ற கணத்திலிருந்து அவள் அஞ்சியது இதைத்தான். இழுப்பறையைத் திறந்தாள். குறுக்கே கோடு போட்ட தாளை எடுத்து வைத்தாள்.

அம்மையார் கீழிருந்து மேலாகப் படித்தார். கோட்டுக்குக் கீழே: வாங்குபவர், அலுவலகத்தில் நிரப்புவது. கோட்டுக்கு மேலே: விற்பவர், வண்டியை ஒப்படைக்கும் அன்றே ஒரு சாட்சியின் முன் கையொப்பமிட்டுக் கிழித்து, வாசலில் வைக்கப்படும் பெட்டியில் தாமே போட வேண்டியது. அன்று முதல் வண்டியின் பொறுப்பு அவருக்கு இல்லை.

"விற்பவர் இதைக் கட்டாயம் பெட்டியில போடுவாரா?"

"அவரே ஓடி வந்து போடுவார் மேடம். இல்லன்னா நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தானே போகும்? டிரில் மாஸ்டரைப் பார்த்தீங்களே."

அம்மையார் இரண்டாம் முறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஓரத்தில் நான்கு சொற்கள் எழுதி, தேதியிட்டார். நாளை முதல் நடைமுறைக்கு வரும்.

"இந்தக் கோடு நல்ல யோசனை. காலையில இது உங்ககிட்ட இல்லை. யார் போட்டது?"

தானே போட்டதாகச் சொல்லியிருக்கலாம். கேட்பார் இல்லை. தாளின் மற்ற வரிகள் யாவும் அவள் எழுதியவைதானே.

"என் வீட்டுக்காரர். வெளியில மேசை போட்டிருக்கிறவர்."

ஏழாம் ஜன்னல்காரர் இருமினார். கண்காணிப்பாளர், "அவரை உள்ள வரச் சொல்லுங்க" என்றார்.

அவள் வாசலுக்குப் போனாள். கணவர் மேசையின் கால்களை மடக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம் கூப்பிடுறாங்க."

"உள்ளயா?"

"உள்ளதான்."

அவர் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார். வாயிற்கோட்டில் ஒரு கணம் நின்றார். பின்னர் காலெடுத்து வைத்தார். கூடத்தில் இருந்தோர் வழிவிட்டார்கள். "நிமிர்ந்து நடடா" என்று அண்ணி பின்னாலிருந்து சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"உங்க மேசைக்கு இது நஷ்டமில்லையா?" என்று கண்காணிப்பாளர் நேரடியாகக் கேட்டார்.

"நஷ்டம்தான் மேடம்."

"அப்புறம் ஏன் கோடு போட்டீங்க?"

கணவர் சட்டையின் உட்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மடிப்புகள் வெளுத்துப் போயிருந்தன. "வாங்குறது, விற்கிறதுக்குத்தான் பதினொண்ணு. வண்டிக்காரர் இறந்துட்டா, அவர் வீட்டம்மா பேருக்கு மாத்தப் பதினாலு படிவம். அழுதுக்கிட்டே வருவாங்க. பதினாலு தடவை இறந்த தேதியை எழுதச் சொல்லி நானே கேட்டிருக்கேன். இதுக்கும் ஒரு தாள் போதும்னு தோணுச்சு. பாருங்க."

கண்காணிப்பாளர் தாளைத் திருப்பினார். வழக்கப்படி முதலில் அடிப்பகுதியைப் பார்த்தார். அவளும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

கட்டங்கள் நேர்த்தியாக இருந்தன. பெயர் ஒரு முறை. தேதி ஒரு முறை. ஓரத்தில், பென்சிலால், அவர் எழுதி முடித்த நாள்.

அது எட்டு மாதங்களுக்கு முந்தைய நாள். அவள் தன் தாளைத் தொடங்கியே மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"நல்லா இருக்கு" என்றார் கண்காணிப்பாளர். "அடுத்த சோதனை இதுதான். இந்தத் தடவை ரெண்டு பேருமா சேர்ந்து செய்யுங்க. இவருக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா."

ஏழாம் ஜன்னல்காரர்தான் நாற்காலியைக் கொண்டு வந்தார். கணவர் அதில் அமர்ந்தார்; மூன்றாம் ஜன்னலுக்கு உள்ளே, அவள் பக்கத்தில்.

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எட்டு மாசமா இதைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் நான்கு பேனாக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அவளிடம் நீட்டினார்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றார். "முழுசா சொல்லணும்னா அக்கா இருக்கக் கூடாது."